அப்பாவுக்கு கேன்சர்னு அவர்கிட்டயே மறைக்கிறது சரியா? தத்துவம் இதுல ஏதாவது உதவுமா?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுகிட்ட விதத்துல ஒரு தடவை சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. அப்பாவுக்கு 68 வயசு, கணையத்துல கேன்சர், கல்லீரலுக்கும் பரவிடுச்சு, நாலாவது ஸ்டேஜ். டாக்டர் அண்ணனை மட்டும் தனியா கூப்பிட்டு சொல்லியிருக்கார், அண்ணனும் அம்மாவும் சேர்ந்து அப்பாகிட்ட வயித்துல புண்ணு, மருந்து சாப்பிட்டா ஆறிடும்னு சொல்லி வெச்சிருக்காங்க. அப்பா தினமும் "எப்பம்மா தேறுவேன்"னு உங்ககிட்டதான் கேட்கறார், தேறினதும் தஞ்சாவூர் போய் எட்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத தம்பியைப் பாக்கணும்னு சொல்றார். அடுத்த வாரம் கீமோ, அதையும் அல்சருக்கு ட்ரிப்ஸ்னு சொல்லிக்கலாம், ஃபாரத்துல அண்ணன் கையெழுத்து போட்டுக்கலாம்னு வீட்டுல பேச்சு. நீங்க எதிர்த்துப் பேசினப்ப அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல "பொய்மையும் வாய்மை யிடத்த"ன்னு குறளைப் போட்டுட்டார். உண்மையை சொல்லலாமா கூடாதான்னு கேள்வியை முடிச்சிருக்கீங்க, தத்துவம் படிச்சவங்க புத்தகத்துல இருக்கறதை ஒப்பிக்காம நாளைக்கு காலைல நான் என்ன செய்யணும்னு சொல்லுங்கன்னும் எழுதியிருக்கீங்க. எனக்குப் படறது என்னன்னா, அம்மாவையும் அண்ணனையும் விட்டுக்கொடுக்காம அப்பாவுக்கும் துரோகம் பண்ணாம இருக்க ஒரு வழி இருக்கா, இதுதான் நீங்க உள்ளுக்குள்ள கேட்கறது.

நான் யாருன்னு சொல்லிடறேன். காலேஜ்ல இருபத்திரண்டு வருஷம் தத்துவம் சொல்லிக்கொடுத்தேன், அதுல பாதிக்கு மேல அறவியல் பேப்பர்தான். ஓய்வுக்கு அப்புறம் ஒன்பது வருஷமா, பெரிய நோய்ல வர்ற வலியையும் கஷ்டத்தையும் குறைக்கற ஒரு பாலியேட்டிவ் டீமோட வீடு வீடா போய்க்கிட்டிருக்கேன், டாக்டரும் நர்ஸும் அவங்க வேலையைப் பாக்கறப்ப நான் குடும்பத்தோட உக்காந்து பேசறது வழக்கம். நான் டாக்டர் இல்ல, உங்க அப்பாவைப் பார்த்ததும் இல்ல. அதனால மருந்து, கீமோ வேணுமா வேணாமாங்கறதுல எல்லாம் நான் வாயே திறக்க மாட்டேன்.

முதல்ல அந்தக் குறளை எடுத்துக்கறேன், ஏன்னா இந்த ஒன்பது வருஷத்துல இதே குறளை எத்தனையோ வீட்டுல கேட்டிருக்கேன். "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." நன்மை பயக்கும்னு மட்டும் வள்ளுவர் சொல்லி நிறுத்தல, புரைதீர்ந்த நன்மைங்கறார், குற்றம் குறையே இல்லாத நன்மை. பரிமேலழகர் இதுக்கு உரை எழுதறப்ப என்ன மாதிரி சந்தர்ப்பம்னு விளக்கறார், கேடோ சாவோ வந்து நிக்கற ஒரு உயிர் அந்தப் பொய்யால அதுலேருந்து தப்பிச்சு இன்பமா இருக்கணும், அதுதான் புரைதீர்ந்த நன்மைங்கறார். இப்ப கான்ட்னு ஜெர்மன் தத்துவவாதி, 1797ல ஒரு கட்டுரைல நேர் எதிரா எழுதினார், கொலைகாரன் வந்து கதவைத் தட்டி உன் நண்பன் உள்ள இருக்கானான்னு கேட்டாக்கூட பொய் சொல்லக்கூடாதுன்னு. கிளாஸ்ல இந்த ரெண்டு பேரையும் எதிரும் புதிருமா நிறுத்தி பசங்களை விவாதம் பண்ண விடுவேன். ஆனா வீடுகளுக்குப் போக ஆரம்பிச்சப்புறம்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. ரெண்டு பேரும் பேசறது சாவுலேருந்து ஒரு உயிரைக் காப்பாத்தக்கூடிய பொய்யைப் பத்தி. கான்ட் சொல்ற கதைல பொய் போய்ச் சேர்றது கொலைகாரன்கிட்ட, உள்ள ஒளிஞ்சிருக்கற நண்பன்கிட்ட இல்ல. உங்க வீட்டுல பொய் போய்ச் சேர்றது யாருக்கு ஆபத்தோ அவர்கிட்டயேதான், அல்சர்னு சொன்னதால அவர் சாவுலேருந்து தப்பவும் போறதில்ல. அதனால குறளை வெச்சு அண்ணன் கேட்கற அனுமதி அந்தக் குறள்ல இல்லன்னு நான் நினைக்கறேன்.

அண்ணன் இதுக்கு பதில் சொல்லலாம், பயமும் ஒரு கேடுதானே, அந்த பயத்துலேருந்து அப்பாவைக் காப்பாத்தறேனேன்னு. இது நியாயமான பதில், சும்மா தள்ளிவிட முடியாது. அப்ப நாம பாக்க வேண்டியது, அந்தப் பொய் நிஜமாவே பயத்தைத் தடுக்குதான்னு. கீமோ வார்டுல பக்கத்து சேர்ல உக்காந்திருக்கறவங்க யாரும் அல்சருக்கு வரல. போர்டுல ஆங்காலஜின்னு, அதாவது கேன்சர் பிரிவுன்னு எழுதியிருக்கும். முடி கொட்டலாம். வீட்டுல நீங்க பேசிக்கிட்டிருக்கற பேச்சு அவர் உள்ள வந்ததும் நிக்கும். 1965ல கிளேசர், ஸ்ட்ராஸ்னு ரெண்டு அமெரிக்க சமூகவியல் ஆய்வாளர்கள், ஆஸ்பத்திரிகள்ல சாகப்போறவங்களைச் சுத்தி என்ன நடக்குதுன்னு கிட்ட இருந்து பார்த்து எழுதினாங்க. நோயாளிக்கு தெரியாம மத்தவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச நிலை ஒண்ணு, நோயாளி சந்தேகப்பட்டு நூல் விட்டுப் பாக்கற நிலை ஒண்ணு, எல்லாருக்கும் தெரியும் ஆனா யாருக்கும் தெரியாத மாதிரி நடிக்கற நிலை ஒண்ணு, வெளிப்படையா பேசிக்கற நிலை ஒண்ணு. உங்க அப்பா தினமும் எப்ப தேறுவேன்னு கேட்கறதை நான் படிச்சப்ப எனக்கு ரெண்டாவதுதான் ஞாபகம் வந்துச்சு. அண்ணன்கிட்ட கேட்காம, அம்மாகிட்ட கேட்காம, உங்ககிட்ட ஏன் கேட்கறார்னு யோசிச்சுப் பாருங்க. இது என் ஊகம்தான், நிச்சயம்னு சொல்ல மாட்டேன்.

இன்னொரு கேடு இருக்கு, இதைப் பத்தி யாரும் பேசறதில்ல, எனக்கு இது சொந்த வீட்டுல நடந்தது. என்னை வளர்த்த அத்தைக்கு கர்ப்பப்பைல கேன்சர் வந்தப்ப நாங்களும் கட்டி கரைஞ்சிடும்னுதான் சொன்னோம், அவங்களும் நம்பினாங்க, கடைசி வரைக்கும் முழுசா நம்பினாங்க. சாப்பாடு இறங்கல. நாங்க என்ன சொல்லுவோம், சாப்பிட்டாதானே அத்தை தேறுவீங்க, மனசு வெச்சு ரெண்டு வாய் சாப்பிடுங்கன்னு. கடைசி மூணு மாசமும் தேறாதது தன்னோட தப்புன்னு நினைச்சுகிட்டே இருந்தாங்க, பாக்க வர்றவங்ககிட்ட எல்லாம் "நான்தான் சரியா சாப்பிடறதில்ல"ன்னு மன்னிப்பு கேட்கற மாதிரி சொல்லுவாங்க. ஆறக்கூடிய நோய்னு சொல்லிட்டா, ஆறாததுக்கு யாராவது ஒருத்தர் காரணமா இருந்தாகணும் இல்லையா, ஒண்ணு டாக்டர் சரியில்ல, இல்லன்னா நோயாளி சரியில்ல. தத்துவம் சொல்லிக்கொடுத்துக்கிட்டிருந்த நானே அந்தப் பேச்சைப் பேசினேன். அடுத்த குறள்ல வள்ளுவர் "தன்நெஞ்சு அறிவது பொய்யற்க"ன்னு ஆரம்பிச்சு, பொய் சொன்னப்புறம் தன் நெஞ்சே தன்னைச் சுடும்னு முடிக்கறார். உங்களுக்கு தூக்கம் வரலன்னு எழுதியிருக்கீங்களே, அது இதுதான்.

இதெல்லாம் சொல்றதால உண்மையை உடைச்சு சொல்லிடுங்கன்னு நான் சொல்லப் போறேன்னு நினைச்சுடாதீங்க. உண்மையை சொல்றது வெள்ளைக்காரன் கலாச்சாரம், மறைக்கிறது நம்ம கலாச்சாரம்னு ரெண்டு பக்கமும் பேசுவாங்க, அது அவ்வளவு சரியில்ல. ஹிப்போகிரட்டீஸ் பேர்ல வழங்கற பழைய கிரேக்க ஏடுகள்லயே நோயாளிகிட்ட பெரும்பாலானதை மறைன்னுதான் டாக்டருக்கு அறிவுரை இருக்கு. 1961ல சிகாகோ ஆஸ்பத்திரி ஒண்ணுல டாக்டர்கள்கிட்ட கேட்டப்ப கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் கேன்சர்னு நோயாளிகிட்ட சொல்லாம இருக்கறதுதான் வழக்கம்னாங்க. 1979ல வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வுல 97 சதவீதம் பேர் சொல்லணும்னாங்க. இருபது வருஷத்துக்குள்ள தலைகீழா ஆயிடுச்சு. ஆக இது ரத்தத்துல ஊறின விஷயம் ஒண்ணும் இல்ல, அங்கயும் இங்கயும் மாறக்கூடியதுதான். ஆனா அண்ணன் பக்கமும் ஒரு ஆய்வு இருக்கு, அதையும் சொல்லணும். 1995ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல வயசானவங்க 800 பேர்கிட்ட கேட்டாங்க. பரவின கேன்சரை நோயாளிகிட்ட சொல்லணும்னு வெள்ளைக்காரங்கள்ல 87 சதவீதம் பேர் சொன்னாங்க, கொரியாவுலேருந்து வந்து குடியேறின குடும்பங்கள்ல 47 சதவீதம்தான். அந்த மீதிப்பேர் அறியாமைல சொல்லல. தன் பாரத்தை குடும்பம் சுமக்கணும்னு எதிர்பார்க்கறது ஒரு வாழ்க்கை முறை, அதுக்கும் மரியாதை உண்டு. நான் போன ஒரு வீட்டுல ஒரு பாட்டி எங்க டாக்டரைப் பார்த்து கையெடுத்துக் கும்பிட்டு "எது சொல்றதா இருந்தாலும் என் பெரியவன்கிட்ட சொல்லிடுங்க, என் காதுல போடாதீங்க"ன்னாங்க. அந்தம்மாவுக்கு பிடிவாதமா உண்மையை ஊட்டறது வன்முறையா இருந்திருக்கும். ஆனா ஒண்ணு கவனிங்க, தெரிஞ்சுக்க வேணாம்னு முடிவு பண்ணினது அந்தப் பாட்டி. உங்க வீட்டுல அதே முடிவை அண்ணன் எடுத்திருக்கார், அப்பாவைக் கேட்காமலேயே. எனக்கு தெரிஞ்சு இந்த விஷயத்தோட முடிச்சு முழுக்க இங்கதான் இருக்கு, உண்மையா பொய்யாங்கறதுல இல்ல, எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு முடிவு பண்ற உரிமை யாருதுங்கறதுல இருக்கு.

புத்தர்கிட்ட அபயன்னு ஒரு இளவரசன் வாதம் பண்ண வந்த கதை ஒண்ணு பாலி சூத்திரங்கள்ல வருது. கேட்கறவங்களுக்குப் பிடிக்காததை நீங்க பேசுவீங்களான்னு அவன் கேட்கறான். அவன் மடில அப்ப ஒரு கைக்குழந்தை. இந்தக் குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாய்ல போட்டுகிட்டா நீ என்ன பண்ணுவன்னு புத்தர் கேட்கறார், ரத்தம் வந்தாலும் தலையைப் பிடிச்சுகிட்டு விரலை விட்டு எடுத்துடுவேன்னு அவன் சொல்றான், ஏன்னா குழந்தை மேல இருக்கற பாசம். அப்புறம் புத்தர் சொல்றது, உண்மையா இருக்கணும், பயனுள்ளதா இருக்கணும், அது இனிமையா இருந்தாலும் கசப்பா இருந்தாலும் சரியான நேரம் பார்த்துதான் பேசுவேன்னு. நேரம் பாக்கறதுங்கறதை நான் ரொம்ப முக்கியமா எடுத்துக்கறேன். ஆனா நேரம் பாக்கறேன்னு சொல்லிகிட்டே தள்ளிப்போடறதும் நடக்கும், நாலாவது ஸ்டேஜ் கணையக் கேன்சர்ல பெரும்பாலும் மாசக் கணக்குலதான் கால அவகாசம், இதை நீங்க மனசுல வெச்சுக்கணும்.

எனக்கு சந்தேகமே இல்லாத விஷயங்களைச் சொல்றேன். சொல்லாம இருக்கறது வேற, பொய் சொல்றது வேற, அவர் நேரா கேட்கறப்ப பொய் சொல்லக்கூடாது. அவருக்கு நினைவு தெளிவா இருக்கற வரைக்கும் அவர் உடம்புல என்ன ஏறணும்னு அவருக்கு பதிலா யாரும் கையெழுத்து போடக்கூடாது. இது அறம் மட்டும் இல்ல, சட்டமும்தான், சுயமா முடிவெடுக்கக்கூடிய ஒரு பெண்ணுக்கு பதிலா அவங்க அம்மா கொடுத்த சம்மதம் அவசரம் இல்லாத சூழ்நிலைல செல்லாதுன்னு 2008லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கடைசி கட்டத்துல வென்டிலேட்டர் வேணுமா வேணாமான்னு முன்கூட்டியே எழுதி வைக்க 2018 தீர்ப்பு வழி பண்ணுச்சு, 2023ல அதை எளிமையாக்கி நோட்டரி முன்னாடியோ கெசட்டட் ஆபீசர் முன்னாடியோ ரெண்டு சாட்சியோட கையெழுத்து போட்டா போதும்னு ஆக்கினாங்க, ஆனா தனக்கு என்னன்னு தெரிஞ்ச மனுஷன்தானே இதையெல்லாம் எழுத முடியும்.

சந்தேகம் இருக்கற விஷயமும் இருக்கு. சொன்னா அப்பா உடைஞ்சுடுவார்னு அண்ணன் பயப்படறார் இல்லையா, அதை வெறும் கோழைத்தனம்னு நினைக்காதீங்க. ஸ்வீடன்ல அஞ்சு லட்சத்துக்கும் மேற்பட்ட கேன்சர் நோயாளிகளோட பதிவுகளை வெச்சு 2012ல வெளியான ஆய்வுல, நோய் தெரிஞ்ச முதல் வாரத்துல தற்கொலை ஆபத்து கேன்சர் இல்லாதவங்களை விட 12 மடங்குக்கு மேல இருந்துச்சு. மொத்தத்துல பார்த்தா அப்படி நடக்கறது ரொம்ப அபூர்வம், இருந்தாலும் அந்த முதல் நாட்கள்ல அவரைத் தனியா விடக்கூடாதுங்கறதுக்கு இது போதும். நான் சொல்லச் சொல்லி வற்புறுத்தின ஒரு வீட்டுல, ஒரு இளம் டாக்டர் ரவுண்ட்ஸ் நடுவுல நின்ன நிலைல ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டார். அந்த மனுஷன் அதுக்கப்புறம் யார்கிட்டயும் சரியா பேசவே இல்ல. சொன்னது தப்பா, சொன்ன விதம் தப்பான்னு நான் இன்னைக்கும் யோசிக்கறேன், பதில் கிடைச்சபாடில்ல. அதனாலதான் யாருக்கும் சொல்லியே ஆகணும்னு இப்ப நான் சொல்றதில்ல. "உற்றான் அளவும் பிணியளவும் காலமும்"னு மருந்து அதிகாரத்துல வர்ற வரிசைல நோயாளியோட அளவுதான் முதல்ல வருது, நோயோட அளவு அப்புறம்தான்.

சரி, நாளைக்கு காலைல. அப்பாகிட்ட போறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட தனியா பேசுங்க, குரூப்ல பேசாதீங்க. குறளுக்கு பதில் குறள் போடவும் வேணாம், நான் மேல எழுதினது உங்களுக்காக எழுதினது, அவரை ஜெயிக்கறதுக்காக இல்ல. டாக்டர் தனியா கூப்பிட்டு சொன்ன அந்த நிமிஷத்துலேருந்து அவர் அதை ஒத்தையா சுமந்துகிட்டிருக்கார், உனக்கு எது ரொம்ப பயமா இருக்குன்னு கேளுங்க, அவர் சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாதீங்க. அப்புறம் ரெண்டே விஷயம் சொல்லுங்க. "நானா போய் அப்பாகிட்ட எதையும் போட்டு உடைக்க மாட்டேன். ஆனா அவரா கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது, அதனால அவர் கேட்கறதுக்கு முன்னாடி நாம சேர்ந்து ஒரு வழி பண்ணிடலாம்." இதுல அண்ணனுக்குத் தெரியாம நீங்க எதையும் செய்யல, அப்பாவை ஏமாத்தவும் இல்ல. அம்மாவுக்கு இதை அண்ணன் வாயால சொல்ல வைக்கறது நல்லது.

அப்பாகிட்ட செய்தியோட போகாதீங்க, கேள்வியோட போங்க. கேன்சர் டாக்டர்களுக்கு கெட்ட சேதி சொல்ல ஒரு முறை இருக்கு, ஸ்பைக்ஸ்னு பேர், 2000ல வெளியானது. அதுலயும் சேதியை சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு படி இருக்கு, நோயாளிக்கு ஏற்கனவே என்ன தெரியும்னு கேட்கணும், எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறார்னு கேட்கணும். நம்ம பேச்சுல அது இப்படி வரலாம். கூட்டம் இல்லாத நேரமா பார்த்து பக்கத்துல உக்காந்து "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கறீங்கப்பா?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு சும்மா இருங்க, அந்த அமைதியை நிரப்பாதீங்க, ரொம்ப கஷ்டமா இருக்கும் ஆனா நிரப்பாதீங்க. பேச்சு போச்சுன்னா "டெஸ்ட்ல வந்ததையெல்லாம் டாக்டர் உங்ககிட்ட விவரமா பேசணுமா, இல்ல நானும் அண்ணனும் பாத்துக்கிட்டா போதுமா?"ன்னு கேளுங்க. சொல்லுன்னு சொன்னார்னா எல்லாத்தையும் நீங்களே சொல்ல முயற்சி பண்ணாதீங்க, டாக்டரை ரூம்ல உக்கார வெச்சு, அண்ணன் அம்மா எல்லாரும் இருக்கறப்ப, கீமோவுக்கு முன்னாடி, ஒரு நாள்ல எல்லாத்தையும் கொட்டாம. பேச வராத டாக்டரா இருந்தா பாலியேட்டிவ் டாக்டர் இருக்காங்களான்னு கேளுங்க, அந்தப் பேரைக் கேட்டு பயப்படாதீங்க, கீமோ நடக்கறப்பவே அவங்களும் கூட இருக்கலாம். "நான் செத்துடுவேனா"ன்னு கேட்டுட்டார்னா "ஏன்பா இன்னைக்கு அப்படித் தோணுது?"ன்னு முதல்ல கேளுங்க. மழுப்பறதுக்காக இல்ல, அவர் நிஜமா கேட்க வந்தது வேற எதாவதா இருக்கலாம், வலி வருமான்னு இருக்கலாம், அம்மா கதி என்னன்னு இருக்கலாம். அதுக்கப்புறமும் அதையே கேட்டார்னா, நோய் போற நோய் இல்லப்பா, ஆனா வலி இல்லாம பாத்துக்க வழி இருக்கு, நாங்க யாரும் எங்கயும் போக மாட்டோம்னு சொல்லலாம். இதுல ஒரு வார்த்தைகூட பொய் இல்ல.

வேணாம், நீங்களே பாத்துக்கங்கன்னு சொன்னார்னா அங்கயே நிறுத்திடுங்க. அது அவர் எடுத்த முடிவு, நீங்க அதுக்கப்புறம் நிம்மதியா தூங்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஒரு தடவை கேளுங்க, மனசு மாறும். கீமோ ஃபாரத்தை மட்டும் என்ன சொன்னாலும் அவர் கையாலயே போட வைங்க, "நான் கேட்க விரும்பல, பையன் சொன்னா சரி"ன்னு அவர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்.

அந்தத் தஞ்சாவூர் விஷயம் ஒண்ணு மிச்சம் இருக்கு. தேறினதும் போறேன்னு அவர் தள்ளிப்போடறார், அல்சர்னு நம்பறதால தள்ளிப்போடறார். ஆனா இதுக்கு கேன்சர்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, அண்ணன்கிட்ட அனுமதி வாங்கவும் வேணாம். சித்தப்பாவுக்கு போன் பண்ணி அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, உங்களைப் பாக்கணும்னு சொல்றார், நீங்களே கிளம்பி வாங்கன்னு சொல்லுங்க. இதை நாளைக்குன்னு வெச்சுக்காதீங்க, இன்னைக்கு ராத்திரியே பண்ணுங்க.